பவளத்தின் முதுகில் சுண்ணாம்பு

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, மாடு உதைத்தால் எப்படி ஒதுங்குவது, நாய் பாய்ந்தால் எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் கல்லூரியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நோம்பிக் கமிட்டி, அதாவது ஊர்த் திருவிழாக் கமிட்டி, ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றால் எப்படித் தப்பிப்பது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதன் பலனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஓர் இளம் டாக்டர் என்னைப் பார்க்க வந்தார். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கால்நடை மருத்துவராக இருக்கிறார். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. அந்த ஊரில் மாரியம்மன் நோம்பி என்றால் குதிரை வண்டிப் பந்தயம் உண்டு. பந்தயக் கமிட்டிக்கு ஒரு கூடம் உண்டு. கூடத்துச் சுவரில் பேர் வாங்கிய குதிரைகளின் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இப்போது அந்தக் கூடத்தை இடித்துக் கட்டுகிறார்களாம். புதுக் கூடத்தில் ஜன்னல் அதிகம், சுவர் குறைவு. எந்தக் குதிரைக்கு இடம் தகும் என்று டாக்டரே சொல்லட்டும் என இவர் தலையில் கட்டிவிட்டார்கள். பாவம், பிள்ளை எல்லாப் படங்களையும் செல்போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு குதிரைக்கும் மதிப்பெண் போடும் யோசனை வேறு அவருக்கு இருந்தது.

“சார், இந்த ஒரு படம் மட்டும் சுமார். குதிரை முதுகுல என்னமோ அழுக்கு. கம்ப்யூட்டர்ல துடைச்சிடலாமா, இல்ல படத்தையே விட்டுடலாமா?” என்று கேட்டார்.

அந்த அழுக்கு பட்டது என்னால்தான். ஆகவே அந்தக் கதையை நானே சொல்வதுதான் முறை.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். மல்லசமுத்திரம் பக்கம் மாற்றலாகி வந்த புதிதில், எதற்கெடுத்தாலும் ‘ங்க’ போட்டுப் பேசும் அந்த மரியாதையில் மயங்கிப் போனேன். அவர்கள் திட்டும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. வந்த முதல் வருடமே கமிட்டித் தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, “பந்தயக் குருதை அளக்கோணுமுங்க டாக்டருங்க. நீங்க அளந்தாத்தான் ஒருத்தரும் பேச மாட்டாங்க” என்றார். ஒருத்தரும் பேச மாட்டார்கள் என்றால் எல்லாரும் பேசப் போகிறார்கள் என்று பொருள். அதுவும் பிறகுதான் தெரிந்தது.

அங்கே பந்தயம் இரண்டு வகுப்பு. சின்னக் குதிரை, பெரிய குதிரை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அளவுக் கம்பை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மேடு அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் சின்னக் குதிரை, மேலே போனால் பெரிய குதிரை. ஒரே வகுப்பில் தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்த குதிரையின் படம் கூடத்துச் சுவரில் ஏறும். படம் ஏறினால் அந்தக் குதிரைக்காரருக்குக் கூடத்துக்குள் ஒரு நாற்காலி. பந்தயம் பற்றி என்ன முடிவெடுத்தாலும் நாற்காலிக்காரர்கள்தான் எடுப்பார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் பார்த்தவரை நாற்காலியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தோட்டம் துரவு உள்ளவர்கள், அல்லது லாரி வைத்திருந்தவர்கள்.

வாசலில் நிற்பவர்களில் ஒருவர் மாரப்பன். பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டுபவர். அவருடைய செந்நிறப் பெட்டைக் குதிரையின் பெயர் பவளம். வாரநாளில் சந்தைக்கு மூட்டை இழுக்கும், நோம்பி நாளில் பந்தயம் ஓடும். நான் அளந்த முதல் இரண்டு வருடமும் சின்னக் குதிரையில் பவளம்தான் முதல். மூன்றாவது வருடமும் ஜெயித்தால் படம் சுவரில் ஏறும், மாரப்பன் உள்ளே உட்காருவார். ஒரு ஜட்காக்காரர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. மாரப்பன் தன் ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் இருந்த ஜட்காக்காரர்கள் அத்தனை பேரும் அந்த வருடம் சட்டையைச் சலவைக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

எதிரில் நின்றவர் செங்கோடன். லாரி முதலாளி. லாரியை டிரைவர்களிடம் கொடுத்துவிடுவார், பந்தய வண்டியை மட்டும் தானேதான் ஓட்டுவார். அவருக்கு ஏற்கெனவே கூடத்தில் நாற்காலி உண்டு. ‘மணி’ என்ற அவருடைய பழைய குதிரையின் படம் சுவரில் நடுநாயகமாக இருந்தது. அந்த வருடம் அவர் ‘துரை’ என்று ஒரு புதுக் குதிரையைச் சின்னக் குதிரை வகுப்புக்குக் கொண்டுவந்தார். துரை வந்து நின்றதும் அளவுக் கம்புக்கே சிரிப்பு வந்திருக்கும். அவ்வளவு உயரம்.

கம்பை எடுத்துக்கொண்டு போனேன். முதுகு மேட்டில் கம்பு பட்டதுதான் தாமதம், துரை பந்திக்கு உட்காருவதுபோல் பவ்வியமாகக் குனிந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே சரியாக நின்றது. கம்பை எடுத்தேன், நிமிர்ந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி குனிந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் வாய்க்குள் சிரித்தார்கள். மீதிப் பேர் செங்கோடனின் சாப்பாட்டை நினைத்துச் சிரிக்காமல் இருந்தார்கள். பந்தலும் மைக் செட்டும் விருந்தும் அந்த வருடம் அவர் உபயம்.

இதில் வேடிக்கை மட்டும் இல்லை, தம்பிகளா. கம்பு படும் இடத்தில் தினமும் ஊசியால் சுருக்கென்று குத்திக் குத்திப் பழக்குவார்கள். கம்பைக் கண்டாலே குதிரை வலிக்குப் பயந்து குனியும். விரல் வைத்துப் பார்த்தேன், மயிருக்கடியில் சின்னச் சின்னத் தழும்புகள். எனக்குக் கோபம் வந்தது.

தலைவர் என் காதோரம் வந்தார். “ஒரு விரக்கட தானுங்க டாக்டருங்க. நல்ல நாளும் அதுவுமா மனசு கோணாம முடிச்சுப் போடலாமுங்க.”

“விரக்கட யாரோட விரல்லன்னு சொல்லுங்க, யானையோட விரல்லயா?” என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றார். அதுதான் அந்த ஊர் நெருக்கடி. யாரும் அதட்ட மாட்டார்கள், நகரவும் மாட்டார்கள்.

இங்கே ஒருவரைச் சொல்ல வேண்டும். சேலத்தில் எனக்கு மேலே இருந்த ஒரு மூத்த டாக்டர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் மாற்றலாகிக் கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “எங்க போனாலும் வேலை முடிஞ்ச பிறகு மாலை போட்டுக்க. மாலை போட்டுக்கிட்டு வேலையை ஆரம்பிக்காதே.” அப்போது அதை ஏதோ சாப்பாட்டு ராமனுக்குச் சொல்லும் அறிவுரை என்று நினைத்தேன். அன்று காலை தலைவர் கொண்டுவந்த சம்பங்கி மாலையை, எனக்கே காரணம் தெரியாமல், “அப்புறம் வாங்கிக்கறேங்க” என்று சொல்லிப் பந்தல் காலில் மாட்டச் சொல்லியிருந்தேன். கம்போடு நின்ற அந்த நேரத்தில், கழுத்தில் மாலை இல்லாதது எவ்வளவு வசதி என்று புரிந்தது.

கோயில் சுவருக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு ஒரு தொட்டியில் மீதம் இருந்தது. கதிர் அடிக்கும் களம் பக்கத்திலேயே சமதளமாக இருந்தது. களத்தில் இரண்டு கால் நட்டு, சிவப்புக் கோட்டின் உயரத்துக்குச் சரியாகக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டச் சொன்னேன். மூங்கிலில் சாக்குத் துணியைச் சுற்றி, சுண்ணாம்பில் நனைத்தாயிற்று. அந்தப் பக்கம் ஒருவர் ஊறிய கொள்ளு வாளியை வைத்துக்கொண்டு, தரையோடு தாழ்த்திப் பிடித்துப் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். கொள்ளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு குதிரை மூங்கிலுக்கு அடியில் போகும். முதுகில் வெள்ளை பட்டால் பெரிய குதிரை, படாவிட்டால் சின்னக் குதிரை. கம்பு இல்லை, கையும் இல்லை.

“சின்னக் குதிரைக்குப் பேர் கொடுத்த எல்லாக் குதிரையும் போகணும்” என்று மைக்கில் சொன்னேன்.

செங்கோடனின் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறியது மாரப்பனின் முகம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

“டாக்டர் சாமி, பவளத்த மட்டும் கம்புலயே அளந்துருங்க.”

“ஏன் மாரப்பா?”

“இந்த வருசம் கழுத்துப் பட்டையில ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டி வந்துச்சுங்க.”

 முதல் பந்தயத்தின்போது பவளம் முழுசாக வளராத இளம் குதிரை. இரண்டு வருடமாக அவர் தான் சாப்பிட்டாரோ இல்லையோ, அதற்குக் கொள்ளும் புல்லும் குறைத்ததில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டது. அதில் யாருக்கும் வஞ்சனை இல்லை. ஆனால் களத்தில் மூங்கில் கட்டியாகிவிட்டது, மைக்கிலும் சொல்லியாகிவிட்டது.

“எல்லாருக்கும் ஒண்ணுதான் மாரப்பா” என்றேன். அவர் போய்ப் பவளத்தைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் துரை போனது. கொள்ளுக்கு முன்னால் எந்தப் பாசாங்கும் நிற்காது. மூங்கில் மேட்டில் உரசிய பிறகுதான் அதற்குக் குனிய வேண்டும் என்ற நினைப்பு வந்தது. குனிந்தது, கொள்ளு ஞாபகத்தில் சீக்கிரமே நிமிர்ந்தது, பின்பக்கத்திலும் ஒரு பட்டை வாங்கிக்கொண்டது. களமே சிரித்தது. வாளியில் இருந்த முகத்தைத் தூக்காமல் துரை தின்றுகொண்டே இருந்தது.

கடைசியாகப் பவளம். ஜட்காக்காரர்கள் எல்லாரும் களத்தின் ஓரத்துக்கு நெருங்கி வந்தார்கள். மூங்கிலைத் தாண்டி வந்தது. செந்நிற மேட்டில் மெல்லியதாக, நூல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த ஸ்டுடியோக்காரர் அந்தச் சமயம் பார்த்து ஒரு படம் பிடித்தார். அவரை அங்கேயே அடிக்கலாம்போல் இருந்தது எனக்கு.

இரண்டு குதிரையும் பெரிய குதிரை வகுப்புக்குப் போயின. மாரப்பனின் இரண்டு வருடக் கணக்கு அங்கேயே முடிந்தது. வண்டியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். “வந்தது வந்தாச்சுங்க, ஓட்டிப் போட்டே போறேன்” என்றார்.

அந்தப் பந்தயத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. குதிரை ஓட்டநடையில்தான் ஓட வேண்டும். தாவிப் பாய்ந்தால் ‘நடை ஒடஞ்சு போச்சு’ என்பார்கள். உடனே வண்டியை நிறுத்தி, குதிரையை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி கிளப்ப வேண்டும். நிறுத்தாவிட்டால் பந்தயத்தில் கிடையாது. இதைப் பார்ப்பதற்காக நான் கமிட்டியின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து, சிவப்புக் கொடியோடு வண்டிகளைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். கல்லூரியில் இதற்கும் பாடம் கிடையாது.

பாலம் வரை போகும்போது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பாலத்தில் திரும்பி வரும்போது துரை முதலாவது, பவளம் இரண்டாவது. அந்த நேரம் பார்த்து ஒரு செம்மறி மந்தை சாலையின் குறுக்கே புகுந்தது. வண்டிகள் இரண்டும் முன்னால் போய்விட்டன, புல்லட் ஆடுகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. நீதி தேவன் ஆட்டுக்குட்டிக்கு வழிவிட்டுக் காத்திருந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மந்தையைக் கடந்து போய்ப் பார்த்தால், துரை பூட்டிய வண்டி நடுச்சாலையில் நின்றுகொண்டிருக்கிறது. செங்கோடன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, துரையின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருக்கிறார். பவளம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சுங்க?” என்றேன்.

“நடை ஒடஞ்சு போச்சுங்க.”

“நான் பார்க்கலையே.”

“நீங்க பாக்கலீங்க. முன்னால போன எனக்குத் தெரியாதுங்களா?”

“காலையில குனிய வச்சீங்களே, அது தெரியலையாக்கும்?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஒசரம் உங்க கணக்குங்க. நடை எங்க கணக்கு” என்று சொல்லிவிட்டுத் துரையைக் கிளப்பினார். பவளம் ஜெயித்தது.

சாயங்காலம் கூடத்தில் கூட்டம். நாற்காலிக்காரர்கள் உள்ளே, மாரப்பனும் ஜட்காக்காரர்களும் வாசலில். தலைவர் எழுந்தார். “ஒரே வகுப்புல மூணு வருசம்னு தானுங்க வழக்கம். ஆனா சின்னதுல ரெண்டு, பெரிசுல ஒண்ணுன்னா அது வழக்கத்த விட எச்சுத்தானுங்களே. பவளம் படத்த மாட்டிப் போடலாமா வேண்டாமான்னு டாக்டரே சொல்லட்டும்.”

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாரப்பன் மட்டும் தரையைப் பார்த்தார். ‘மாட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டால் ஊரே கைதட்டும். எனக்கும் அதைத்தான் சொல்ல ஆசை. ஆனால் காலையில் நூல் அளவு வெள்ளைக்காக ஒரு குதிரையை வகுப்பு மாற்றியவன், சாயங்காலம் வழக்கத்தை முழம் கணக்கில் இழுத்துக் கொடுத்தால், அந்தச் சுண்ணாம்பு செங்கோடனுக்காக மட்டும் கரைத்தது என்று ஆகிவிடும். பவளத்தின் படத்துக்குக் கீழே நின்று யாராவது ஒருவன், டாக்டர் இரக்கப்பட்டு மாட்டியது என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான்.

“இல்லைங்க. பெரிய குதிரையில இது முதல் வருஷம். இன்னும் ரெண்டு வருஷம் ஓடட்டும்” என்றேன்.

 மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரிங்க” என்று சொல்லி, வண்டி பக்கம் போய்விட்டார். அன்று என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. சரியானதைச் சொன்னால் நெஞ்சு குளிரும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போதுதான் செங்கோடன் எழுந்தார். நேராகச் சுவரிடம் போய், நடுநாயகமாக இருந்த மணியின் படத்தைக் கழற்றினார்.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?” என்று தலைவர் பதறினார்.

“இதுவும் குனிஞ்ச குருதை தானுங்க. அன்னைக்குச் சுண்ணாம்பு இருந்துருந்தா மணிக்கு முதுகு பூரா வெள்ளையடிச்சிருக்கும். படம் இல்லீன்னா நாற்காலி இல்லீங்க. வழக்கம் தானுங்களே.”

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். வேப்பமரத்தடியில் மாரப்பனின் ஜட்காவில் ஏறி உட்கார்ந்தார். அவர் உபயம் செய்த விருந்தை அவரே மாரப்பனோடு அங்கே உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளே நாற்காலியில் இருந்த மற்றவர்கள் அன்று ஏனோ சுவர் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடமும் பவளம் பெரிய குதிரையில் ஜெயித்தது. அதற்கடுத்த வருடம் துரை விடாமல் நெருக்கியது. வண்டிச் சக்கரமும் சக்கரமும் உரசாத குறை. பவளம் ஒரு தலை முன்னால் வந்தது. கீழே இறங்கியதும் செங்கோடன் கூட்டத்தைப் பார்த்து, “விட்டுக் குடுத்தேன்னு எவனாச்சும் சொன்னீங்க, பல்லப் பேத்துப் போடுவேன்” என்றார். நான் இரண்டு குதிரைக்கும் பின்னாலேயே புல்லட்டில் வந்தவன். ஒரு நூல்கூட விட்டுக் கொடுக்கவில்லை.

சுவரில் மணியின் படம் இருந்த ஆணி காலியாகவே இருந்தது. பவளத்தைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, கூடத்தின் வாசலில் நிறுத்தினார்கள். ஸ்டுடியோக்காரர் துணியை விலக்கிக் கேமராவைச் சரிசெய்தார்.

“அது வேண்டாமுங்க” என்றார் மாரப்பன். ஜட்காப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தார். மூங்கில் கட்டிய வருடம் களத்தில் பிடித்த படம். ஸ்டுடியோவில் ஒரு பிரதி வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

தலைவர் அதை வாங்கிப் பார்த்தார். “முதுகுல சுண்ணாம்பு தெரியுதே மாரப்பா?”

“அது தெரியத்தானுங்க. செவுரு பூரா இருக்கறது கம்புல அளந்த குருதைங்க. சுண்ணாம்புல அளந்தது எங்க பவளம் ஒண்ணுதானுங்க.”

மூங்கிலில் வேண்டாம், கம்பிலேயே அளந்துவிடுங்கள் என்று என்னிடம் கெஞ்சிய அதே மாரப்பன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

படத்தைச் செங்கோடன்தான் வெளியிலிருந்து வந்து மாட்டினார். மாரப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொன்னேன்? குதிரை தின்கிறதா என்று பார்க்க எழுந்து எழுந்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் போட்டுக்கொண்டார், பாதி உள்ளே, பாதி வெளியே.

இதையெல்லாம் கேட்ட பிறகு அந்த இளம் டாக்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, “சரி சார், இதைத் தொடலை. மத்த படங்களை எப்படி முடிவு பண்றது?” என்றார்.

“பவளத்தை முதல்ல மாட்டுங்க, உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படற இடத்துல. அப்புறம் மத்த படத்துக்காரங்க வீட்டு ஆட்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, இந்தச் சுண்ணாம்புக் கதையைச் சொல்லி, இதுக்குப் பக்கத்துல உங்க குதிரையை மாட்டலாமான்னு கேளுங்க. அவங்களே சொல்லட்டும்.”

“எல்லாருமே மாட்டச் சொன்னா?”

“கேட்டுப் பாருங்க தம்பி. சுவர்ல இடம் தாராளமா மிஞ்சும்.”